நம்மவர் நலன்: துணை கேட்பது தாழ்வன்று

பிழைப்பை நாடி ஊரை விட்டுப் புறப்பட்ட நம்மவர்கள் எத்தனையோ பொருள்களை உடன் கொண்டுவந்தார்கள். அம்மியையும் குழவியையும் புகைவண்டியில் ஏற்றி வந்த குடும்பங்களும் உண்டு. கொண்டுவர இயலாமற் போனது சுற்றம் ஒன்றே. ஊரில் ஒரு வீட்டில் அடுப்பெரியவில்லையென்றால் அடுத்த வீட்டு அத்தைக்குத் தெரிந்துவிடும். தாய் நோயுற்றால் பாட்டி பிள்ளைக்குச் சோறூட்டுவாள். தந்தை தவறினால் சித்தப்பா பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்வார். இங்கோ, தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் முலுண்டிலும், பத்துக்குப் பத்து அறையினுள் ஒரு குடும்பம் தத்தளிப்பதை எதிர் அறையில் இருப்பவரும் அறியாமற் போவதுண்டு. அறிந்தாலும், எவரிடம் செல்வது, என்ன கேட்பது என்ற தெளிவு நம்மில் பலருக்கு இல்லை.

இத்தகைய வீடுகளில் முதலில் தடுமாறி விழுபவர்கள் பிள்ளைகளே. அவர்களுக்கென்று சட்டமும் அரசும் ஏற்படுத்தியுள்ள துணைகள் யாவை, அவற்றை நம்மவர்கள் நாடாதிருப்பது ஏன், சங்கம் ஆற்றக்கூடிய பணி யாது என்பவற்றை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். இது எவர் வீட்டுச் செய்தியும் அன்று. எனினும் வாசக அன்பர்களுக்குப் பழகிய முகங்கள் இதில் தென்படலாம். மிதிவண்டியில் இட்டிலிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுவந்த தந்தை, மாரடைப்பால் திடீரென்று இறந்துவிடுகிறார். முறுக்குப் பிழிந்து கடைகளுக்குக் கொடுக்கும் சிறு வருவாய் மட்டுமே தாய்க்கு மிஞ்சுகிறது. மூத்தவனுக்கு வயது 15. பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அடுத்தவள் 12 வயதுப் பெண். கடைக்குட்டிக்கு வயது 7. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினரும் நண்பரும் கூடி அமர்கின்றனர்.

வந்தவர்கள் அனைவரும் நல்லவர்களே. மூத்தவனைத் தம் கடையில் வைத்துக்கொள்வதாக ஒருவர் முன்வருகிறார். “பெண்ணை எங்கள் வீட்டோடு அனுப்பிவிடு, கைவேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும். நாளைக்கு நாங்களே பார்த்துக் கட்டிக்கொடுத்துவிடுகிறோம்” என்கிறார் இன்னொருவர். சிறியவனுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதியில் இடம் பார்த்துத் தருவதாக மூன்றாமவர் சொல்கிறார். தாய் கைகூப்பி நன்றி கூறுகிறாள். தந்தையை இழந்த பிள்ளைகள், அம்மாதமே தாயின் அணைப்பையும் உடன்பிறந்தாரின் துணையையும் இழந்துவிடுகின்றனர். எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஒரு குடும்பம் கலைந்துவிட்டது.

இம்மூன்று ஏற்பாடுகளையும் சற்றுச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

பெண்பிள்ளையை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘வீட்டோடு வைத்துக்கொள்வது’ என்பது நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ஊரிலிருந்தே ஏழைச் சிறுமியரை அழைத்து வந்து வைத்துக்கொள்வோரும் உளர். வீட்டுவேலையிலும் உணவு விடுதிகளிலும் சிறுவரை அமர்த்துவது 2006 அக்டோபர் 10ஆம் நாள் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், சொந்தக் குடும்பத்திற்குப் பள்ளி நேரம் போக உதவுதல் முதலிய சில விலக்குகள் தவிர, 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விரித்துரைத்தது. மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. “எங்கள் பெண்ணைப்போல் வைத்திருக்கிறோம்” என்று சொல்பவர் உண்மையே சொல்கிறாரா என்று அறிய வழக்கறிஞர் வேண்டியதில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் இச்சிறுமி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்தால் போதும்.

மூத்தவன் செய்தி சற்று வேறு. 14 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் உள்ளவர்களை அபாயமான தொழில்களில் அமர்த்துவதையே சட்டம் தடுக்கிறது. கடைவேலையை அது முற்றிலும் விலக்கவில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதாது விட்ட சிறுவன் மீண்டும் புத்தகத்தைத் தொடுவது அரிது. கையில் கூலி விழத் தொடங்கிய பின்னர், அக்கூலியை நம்பியே வீடும் நடக்கத் தொடங்கிவிடும். கடைக்காரர் மெய்யாகவே உதவ விரும்பினால், “தேர்வு முடியும்வரை உனக்கு என் கடையில் வேலை இல்லை” என்று சொல்லி அவனைப் பள்ளிக்கு அனுப்புவதே பேருதவியாகும்.

சிறியவனை ஆயிரம் கல்லுக்கு அப்பால் விடுதிக்கு அனுப்புவது பற்றி ஒன்று கேட்க வேண்டும். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இடம் பார்த்துத் தருபவரிடம் அப்பதிவைக் கேட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? அதனினும் பெரிய கேள்வி, தாய் உயிருடனும் அன்புடனும் இருக்கும்போது அவன் அங்குச் செல்ல வேண்டியது ஏன் என்பதே. ஏழ்மை ஒன்றே காரணமெனில், அந்த ஏழ்மைக்கு மருந்து தேட வேண்டுமே தவிர, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது முறையாகாது.

இக்கருத்தைச் சட்டமும் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியதில் 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1922இல் வங்காளமும், 1924இல் பம்பாயும் தொடர்ந்தன. 1927இல் இந்நகரில் குழந்தைகள் உதவிச் சங்கம் தோன்றியது. அந்நாளைய எண்ணம், ஆதரவற்ற பிள்ளைக்கு ஒரு கட்டடமும் கண்காணிப்பாளரும் வேண்டும் என்பதே. ‘டோங்ரிக்கு அனுப்பிவிடுவேன்’ என்று பிள்ளைகளை மிரட்டும் பேச்சு இந்நகரத் தாய்மாரிடம் பழகிப்போனதும் அந்த எண்ணத்தின் எச்சமே. நாடு முழுமைக்குமான சட்டம் 1986இல் வந்தது. 2000இலும் 2015இலும் அது புதிதாக வகுக்கப்பட்டது. இன்றைய சட்டம் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாக, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியெல்லாம் அடைபட்ட பின்னர் நாட வேண்டிய இறுதி வழி என்று கூறுகிறது. பிள்ளையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்பதும், அக்குடும்பம் தளர்ந்தால் அதனைத் தாங்குவது அரசின் கடமை என்பதும் இச்சட்டத்தின் உட்பொருள்.

அவ்வாறு தாங்குவதற்குரிய வழிகளுள் தலையாயது நிதி ஆதரவுத் திட்டம். நடுவண் அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ், தகுதியுடைய பிள்ளைக்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்பவர்கள், கொடிய நோயால் அல்லது விபத்தால் செயலிழந்த பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோர் இதற்கு உரியவர்கள். நகர்ப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருவாய் 96,000 ரூபாயைத் தாண்டலாகாது. சிற்றூர்ப்புறத்தில் 72,000 ரூபாய். இவ்வரம்பு இந்நகரின் வாடகைக்கும் விலைவாசிக்கும் மிகக் குறுகியது என்பதில் ஐயமில்லை. எனினும் முறுக்குப் பிழிந்து பிழைக்கும் தாய்மார் பலர் இவ்வரம்பினுள் வருவர். மகாராட்டிர அரசு தானும் ‘பால சங்கோபன்’ என்றொரு திட்டத்தை நடத்திவருகிறது. ஒன்றில் இடமில்லையென்றால் மற்றொன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

4,000 ரூபாயில் மும்பையில் குடும்பம் நடவாது என்பது உண்மை. ஆனால் 12 வயதுப் பெண்ணைப் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்க அனுப்பாதிருக்க அத்தொகை போதும். நாம் மேலே கண்ட வீட்டில், கலைவதற்கும் நிலைப்பதற்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவே.

நாட வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மும்பை நகரம் ஒரு மாவட்டம், புறநகர் மற்றொரு மாவட்டம் என்பதை நினைவிற் கொள்க. தாராவி, சயான், மாட்டுங்கா வாழ்நர் நகர மாவட்டத்தையும், செம்பூர், பாண்டுப், முலுண்ட் வாழ்நர் புறநகர் மாவட்டத்தையும் சேர்ந்தவர்கள். விண்ணப்பித்தபின் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை தருவார். அதன்மேல் முடிவு செய்யப்படும். இறப்புச் சான்று, வருவாய்ச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு முதலியன தேவைப்படும். இங்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். இங்கு இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுசெல்லும் அவசரத்தில், இறப்பைப் பதிவு செய்ய மறந்துவிடுவோர் உளர். இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே 21 நாளுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அச்சான்று இல்லையேல், பின்னர் எவ்வுதவியைக் கேட்கச் சென்றாலும் முதற்படியிலேயே நிற்க வேண்டிவரும்.

பணத்தட்டுப்பாடு மட்டுமே துன்பமன்று. அடிபடும் பிள்ளை, வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளை, வேலைக்கென்று அழைத்து வரப்பட்டு அடைபட்ட பிள்ளை, தீய நடத்தைக்கு இரையான பிள்ளை ஆகியோர்க்கு உடனடித் துணை வேண்டும். அதற்குரிய தொலைபேசி எண் 1098. இவ்வெண் பிறந்தது நம் மும்பையிலேயே என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1996ஆம் ஆண்டு, தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியாக, ஜெரூ பில்லிமோரியா அம்மையாரின் முயற்சியால் ‘சைல்டுலைன்’ தொடங்கப்பட்டது. தெருவிலும் நிலையங்களிலும் வாழ்ந்த பிள்ளைகள் எளிதில் நினைவிற் கொள்ளும்படி, ‘தஸ், நவ், ஆட்’ என்று இந்தியில் இறங்குமுகமாக எண்ணினால் வரும் எண் அது. பின்னர் நாடெங்கும் பரவிய இப்பணியை 2023 முதல் அரசே ஏற்று நடத்திவருகிறது. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், பிள்ளைகள் தாமே பேசலாம்.

தாதர் நிலையத்திலோ குர்லாவிலோ வந்திறங்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்று தனித்து நிற்பதைக் கண்டால் நாம் செய்யத்தக்கது என்ன? வீட்டிற்கு அழைத்துச் சென்று நாமே வைத்துக்கொள்வது அன்பாகத் தோன்றலாம். சட்டம் அதனை அனுமதிக்கவில்லை. தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் 1098க்கோ, காவல் நிலையத்திற்கோ, குழந்தைகள் நலக் குழுவிற்கோ தெரிவித்தாக வேண்டும். அக்குழு தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் அடங்கியது. பிள்ளையின் நலன் குறித்து முடிவு செய்யும் அதிகாரம் உடையது. பிள்ளையை அதன்முன் அழைத்துவரும் உரிமை காவலர்க்கு மட்டும் உரியதன்று. பொதுநல நாட்டமுள்ள எந்தக் குடிமகனும் அழைத்துவரலாம். பிள்ளை தானே வந்தும் நிற்கலாம். பிள்ளையின் ஊர் தமிழ்நாடெனில், அங்குள்ள குழுவோடு தொடர்பு கொண்டு, உரிய துணையுடன் ஊருக்கு அனுப்பிவைக்கவும் சட்டத்தில் வழியுண்டு. வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பிள்ளையை விசாரிக்காமல் அவ்வீட்டிற்கே நாம் சீட்டு வாங்கி அனுப்பிவிடும் கேடு இதனால் தவிர்க்கப்படும்.

இனி, இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் நம்மவர்கள் ஏன் அணுகுவதில்லை? இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று மொழி, மற்றொன்று மானம்.

மொழித்தடையைச் சங்கம் நினைத்தால் நீக்கலாம். மராத்தியில் கேட்கும் அலுவலர் முன்னால் தாய் விழித்து நிற்கும்போது, அவள் சொல்லாததெல்லாம் இல்லாததாகவே எழுதப்படும். துன்புற்ற சிறுமியோ, தன் துன்பத்தைத் தாய்மொழியில் சொல்வதற்கே நடுங்குவாள். இதனை அரசும் உணர்ந்துள்ளது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் 2020இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வொரு மாவட்டத்திலும் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை மாவட்டப் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அதில் இடம்பெறப் பெரும்பட்டம் தேவையில்லை. பிள்ளையின் மொழியும் மாநில மொழியும் பழக்கத்தில் இருந்தால் போதும். அம்மொழி தாய்மொழியாக இருப்பதே ஒரு தகுதியாகும். இந்நகரிற் பிறந்து, மராத்தியைத் தெருவிலும் தமிழை வீட்டிலும் கற்ற நம் இளைஞரும் மங்கையரும் எத்தனை பேர்! மேடையில் தமிழ் முழங்குவது நன்று. அச்சத்தால் வாயடைத்த தமிழ்ப் பிள்ளையொன்றுக்கு நாவாக இருப்பது அதனினும் நன்று. தமிழும் மராத்தியும் நன்கறிந்த நால்வரின் பெயரையேனும் நம் சங்கம் இவ்வாண்டு இரு மாவட்ட அலகுகளுக்கும் எழுதித் தர வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

மானத்தடை இதனினும் உறுதியானது. “நாலு பேருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது” என்ற அச்சத்தில் மறைக்கப்படும் கொடுமைகள், மறைப்பதால் நின்றுவிடுவதில்லை. கொடுமை செய்தவன் அடுத்த பிள்ளையை நாடுகிறான். போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்பத்துப் பெரியவர் முன்னிலையில் ‘பேசித் தீர்த்துக்கொள்ளும்’ உரிமை எவர்க்கும் இல்லை. அதே சட்டம் பிள்ளையின் பெயரும் முகமும் வெளிவராதபடி காக்கவும் செய்கிறது. வழக்குக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டா. பெண்களும் பிள்ளைகளும் வருவாய் வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறுவதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. அதற்குரிய எண் 15100.

மானத்தைப் பற்றிப் பேசும்போது சங்கங்களுக்கும் ஒரு சொல் உண்டு. உதவி பெறும் ஏழைப் பிள்ளையை விழா மேடையில் ஏற்றி, நன்கொடையாளர் நடுவில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படம் பிடித்து மலரில் வெளியிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுத்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, மறுநாள் வகுப்பில் அப்பிள்ளை எவ்வாறு தலைநிமிர்ந்து அமரும்? கொடுப்பவர் பெயரை எவ்வளவு பெரிய எழுத்திலும் அச்சிடலாம். பெறுபவர் பெயர் பொருளாளரின் குறிப்பேட்டோடு நிற்கட்டும்.

பள்ளி பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஊரிலிருந்து இடையில் வந்த பிள்ளையை, மாற்றுச் சான்று வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களால் திருப்பியனுப்பக் கல்வி உரிமைச் சட்டம் இடந்தரவில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப்பயிற்சி தரவும் கூறுகிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழியிலும் பள்ளிகளை நடத்துகிறது என்பதைப் புதிதாய் வந்தோர்க்குச் சொல்லிவைக்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. மீசை அரும்பிய மகன் அறைக்குள் முடங்கிக் கிடந்தால் சோம்பல் என்கிறோம். மகள் உண்ணாமல் உறங்காமல் இருந்தால் பிடிவாதம் என்கிறோம். தேர்வுத் தோல்வியும், வேலையின்மையும், குடிக்கும் தந்தையின் கூச்சலும் இளம் உள்ளங்களை நோயாளியாக்கவல்லன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் துணையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடும் நாம், உள்ளத்தின் காய்ச்சலுக்கும் நாடுவதில் இழுக்கு யாதுமில்லை. இல்லங்களில் வளர்ந்து 18 வயது நிரம்பியவர்கள் வெறுங்கையுடன் தெருவில் விடப்படாமல், 21 வயது வரையிலும், தேவையெனில் 23 வயது வரையிலும் பிற்காப்பு உதவி பெறச் சட்டத்தில் இடமுண்டு. நம் அன்பர்களுள் தொழில் நடத்துவோர், அத்தகைய இளைஞர்க்குப் பயிற்சியும் வேலையும் தர முன்வரலாம்.

நாம் மேலே கண்ட குடும்பத்திடம் மீண்டும் செல்வோமாக. பதினாறாம் நாள் கூடிய அவ்வட்டத்தில், “மூவரும் இங்கேயே தாயுடன் இருக்கட்டும், விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன், அலுவலகத்திற்கு நான் உடன் வருகிறேன், பணம் வரும்வரை அரிசியும் வாடகையும் நாம் பங்கிட்டுக்கொள்வோம்” என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பின் போதும். அக்கடை முதலாளியின் பணமும், அவ்வீட்டுக்காரரின் பரிவும், அவ்விடைநின்றவரின் அலைச்சலும் அப்போது வீணாகா. அவை அத்தாயின் கைக்கே பலமாக வந்து சேரும். அரசின் உதவி வந்து சேரச் சில திங்கள்கள் ஆகலாம். அந்த இடைக்காலத்தைத் தாங்குவதே சுற்றத்தின் கடமை. சுற்றமில்லாத இவ்வூரில் அது சங்கத்தின் கடமை.

ஆதலின் தாய்மார்களையும் அன்பர்களையும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே: 1098 என்னும் எண்ணை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். உங்கள் சாலில், உங்கள் கட்டடத்தில் தளர்ந்துபோன ஒரு வீடு இருந்தால், ஒரு மாலை அங்குச் சென்று அமர்ந்து வாருங்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை எது என்று கேளுங்கள். மறுநாள் காலையில் அத்தாயுடன் அலுவலகத்திற்குப் புறப்படுங்கள்.